பழுத்த காற்று

எங்கள் தெருவில் காற்று அடைக்கிற வீடு ஒன்று இருக்கிறது. சைக்கிளுக்கு அடைக்கிற காற்று இல்லை. ஆற்றுக்குள்ளும் கிணற்றுக்குள்ளும் முங்கிப் போகிறவர்கள் மூச்சு விடுகிற காற்று. இசக்கிமுருகன் வீட்டுப் பின்வாசலில் அதற்கென்று ஒரு கம்ப்ரசர் உண்டு. அது ஓட ஆரம்பித்ததென்றால் தெரு முழுக்கக் கரண்ட் குறையும். என் தையல் மிஷின் மோட்டார் முனகும். என் பெண்டாட்டி பொன்செல்வி மிக்சியை நிறுத்திவிட்டு, இனி அம்மியில்தான் அரைக்க வேண்டும் என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்வாள். நான் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மதில் பக்கம் போய் எட்டிப் பார்த்து, இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்பேன். இதோ முடிஞ்சுட்டு அண்ணாச்சி என்பான் இசக்கி. அவனுடைய இதோ என்பது உலையில் அரிசி போட்டு, வெந்து, வடித்து, குழம்பும் கொதித்து இறங்குகிற நேரம்.

அடைக்கிறவன்தான் இவன். தண்ணீருக்குள் இறங்குகிறவள் இவன் பெண்டாட்டி முத்துராணி. எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேற்கே, ஆற்றின் வடகரையில் இருக்கிறது. வாழையும் நெல்லும் தவிர இங்கே வேறு பேச்சே கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளை, தூத்துக்குடியில் கல்லூரி படிக்கப் போன இடத்தில் கடலுக்குள் முங்கக் கற்றுக்கொண்டு வந்தாள். கடலுக்கடியில் பவளப்பாறை எண்ணுகிற ஒரு குழுவோடு சில வருசம் வேலை பார்த்தாள். பிள்ளை பிறந்த பிறகு ஊருக்கு வந்துவிட்டாள். வந்தவள் சும்மா இருந்தாளா? கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க, குளத்து மடையில் அடைத்துக்கொண்ட அமலைச்செடியைப் பிடுங்க என்று சேரன்மகாதேவி வரைக்கும் அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் தடவை என்னிடம் வந்து, ஜாக்கெட் கிழிந்துவிட்டது அண்ணாச்சி, தைத்துத் தர முடியுமா என்றாள். நான் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் பையிலிருந்து எடுத்தது வாரும் பக்கிளும் குழாயுமாகத் தொங்குகிற, சிலிண்டரை முதுகில் கட்டுகிற ஒரு கறுப்பு உடுப்பு. ஊசி இரண்டு ஒடிந்த பிறகு அதைத் தைத்துக் கொடுத்தேன்.

இசக்கியின் கதை நேர் எதிர். திருச்செந்தூர் ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருந்தவன். ஆற்றங்கரையில் பிறந்தும் இடுப்புக்கு மேலே தண்ணீரில் இறங்க மாட்டான். படித்துறையில் உட்கார்ந்து செம்பால் மொண்டு மொண்டு ஊற்றிக்கொள்வான். ஆடிப்பெருக்கு அன்றைக்குக்கூட அவன் தலை தண்ணீருக்குள் போனதை யாரும் பார்த்ததில்லை. காரணம் கேட்டால், மூக்குக்குள்ளே தண்ணீர் போய்விடும் என்பான். எல்லாருக்கும்தான் போகும். அதைச் சொன்னால் சிரிப்பானே தவிர இறங்க மாட்டான்.

முன்னெல்லாம் சிலிண்டரைத் தூத்துக்குடிக்குத்தான் கொண்டுபோய் அடைக்க வேண்டும். பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் கேஸ் சிலிண்டர் என்று இறக்கிவிடுவார். காத்துதான் சார், வெறும் காத்து என்று முத்துராணி சொன்னால், வெறும் காற்றை எவள் தூத்துக்குடிக்குப் போய் வாங்கி வருவாள் என்று பஸ்ஸே சிரிக்கும். இசக்கிக்கு அது பொறுக்கவில்லை. பிறந்ததிலிருந்து காற்று அடைக்கிற எனக்கு இதை அடைக்கத் தெரியாதா என்று ராமேஸ்வரம் பக்கம் விசாரித்து, பழைய கம்ப்ரசர் ஒன்றை மினி லாரியில் கொண்டுவந்து இறக்கினான். பஞ்சர் கடையைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டான்.

தெருவில் எல்லாரும் அதை ஆக்சிஜன் என்றுதான் சொன்னோம். அவனுக்குக் கோபம் வரும். இசக்கி வீட்டு மதிலுக்கு அந்தப் பக்கம் வாழைப்பழ வியாபாரம் செய்கிற கைலாசம் அண்ணாச்சி ஒருநாள் வேண்டுமென்றே கேட்டார்.

"ஏலே, ஆக்சிஜன் நெறஞ்சுட்டா?"

"ஆக்சிஜன் இல்ல அண்ணாச்சி. நீங்களும் நானும் இங்கன விடுதோம்லா, இதே காத்துதான்."

"இதே காத்துன்னா அத எதுக்குலே இவ்வளவு சத்தம் போட்டு அடைக்க?"

"தண்ணிக்குள்ள இந்தக் காத்து இல்லல்லா."

"அப்போ நம்ம தெருக் காத்தத்தான் அவ ஆத்துக்குள்ள கொண்டுபோயி மூச்சு விடுதாளா?" என்று அண்ணாச்சி யோசித்தார். "சரிதான். கருவாடு வறுக்கையில அடச்சுராதலே."

அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம். பிறகு யோசித்தால் அவர் சொன்னதில்தான் எல்லாமே இருந்தது.

புதிதாக இரண்டு சிலிண்டர் எடுக்க அவர்கள் தூத்துக்குடி போனபோது, நூல்கண்டு வாங்க நானும் கூடப் போனேன். கடையைக் காலி செய்கிற ஒருத்தர் சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார். இசக்கி தேங்காய் வாங்குகிறவன் மாதிரி ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் காது கொடுத்தான். முத்துராணி தட்டவில்லை. கழுத்துப் பக்கத்தில் குத்தியிருக்கிற தேதியைத் தடவித் தடவிப் படித்தாள். கடைசியாக எப்போது சோதனை போட்டது என்பது அதில் இருக்குமாம். வால்வைக் கழற்றச் சொல்லி, உள்ளே டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தாள். புதுசாக நீலப் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருந்த ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிட்டாள். தேதிக்கு மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள். வயசை மறைக்கிற சிலிண்டர் நமக்கு வேண்டாம் என்றாள். கடைக்காரர் நரைக்குச் சாயம் அடித்தவர். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் வெளியே வந்துவிட்டேன்.

அவள் தேர்ந்தெடுத்தது சாம்பல் நிறத்தில் அழுது வடிகிற இரும்புச் சிலிண்டர். இசக்கிக்கு ஒரு மஞ்சள் அலுமினியத்தின் மேல் கண். பார்க்க லட்சணமாக இருக்கிறதே, எடையும் தூக்கத் தோதாக இருக்கிறதே என்றான். அலுமினியம் காற்று தீரத் தீர மிதக்கப் பார்க்கும், ஆற்று இழுப்பில் அது ஆளை மேலே தூக்கும், இரும்பு கடைசி வரைக்கும் கீழேயே கிடக்கும் என்று அவள் விளக்கினாள். அவன் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டான். கேட்டுவிட்டு மறுபடியும் மஞ்சளைத் தடவினான். கடைசியில் அவள் தலையில் அடித்துக்கொண்டு, மஞ்சளுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்து, தேதியையும் பார்த்து, சரி எடுங்க, இடுப்பில் ஈயக்கட்டி ஒன்று கூடக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். ஊர் வரும் வரைக்கும் அவன் மஞ்சள் சிலிண்டரை மடியில் வைத்திருந்தான்.

அவன் காற்று அடைக்கிறதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். சிலிண்டரைத் தண்ணீர்த் தொட்டிக்குள் நிறுத்துவான், அடைக்க அடைக்கச் சூடேறும் என்பதால். கம்ப்ரசர் காற்றை உறிஞ்சுகிற குழாயின் நுனியை எங்கே வைப்பது என்று அவன் யோசித்த மாதிரி வீடு கட்டுகிறவன்கூட வாசலுக்கு யோசித்திருக்க மாட்டான். தெருப்பக்கம் வைத்தால் பைக் புகை. அடுக்களைப் பக்கம் வைத்தால் தாளிக்கிற வாடை. வெள்ளிக்கிழமை வீட்டுக்குள்ளே சாம்பிராணி. கடைசியில் பின்மதிலை ஒட்டி நிற்கிற முருங்கை மரத்தில், நல்ல நிழலாகக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று கட்டினான். அப்புறம் பக்கத்திலேயே ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருவான். கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் திருகைத் திறந்தால் புஸ்ஸென்று வெண்புகையாகத் தண்ணீர் பீச்சும். காற்றுக்குள் இவ்வளவு தண்ணீரா என்று ஒவ்வொரு தடவையும் ஆச்சரியப்படுவான். அழுத்தம் காட்டுகிற முள் பைய ஏறும். அவசரப்பட்டால் சூட்டில் முள் பொய் சொல்லும் என்பான். இருநூறு வந்து, ஆறி, இறங்கி, மறுபடியும் கொஞ்சம் அடைத்து, வால்வை மூடி, ஈரத்துணியால் துடைத்து வைப்பான். அவள் உள்ளே இருக்கிற நேரமெல்லாம் என் காற்றில்தான் இருக்கிறாள் என்று ஒருநாள் சொன்னான். பெருமையாகத்தான் சொன்னான். ஆனால் சொல்லும்போது கை வால்வை இன்னொரு தரம் இறுக்கிப் பார்த்துக்கொண்டது.

கார்த்திகை பிறந்து மழை ஓய்ந்த சமயம். மேலேயிருந்து அடித்துக்கொண்டு வந்த சருகும், குளிக்கிறவர்கள் ஆற்றோடு விடுகிற வேட்டியும் சேலையுமாகச் சேர்ந்து, ஊருக்குத் தண்ணீர் இழுக்கிற குழாயின் வாயை ஆற்றுக்குள் அடைத்துவிட்டது. மோட்டார் ஓடுகிறது, தண்ணீர் ஏறவில்லை. தாமிரபரணி வாசலில் ஓடுகிறது, தெருக்குழாயில் ஒரு சொட்டு கிடையாது. தண்ணீர் திறந்துவிடுகிற செந்தில்முருகனைத் தெருவில் நடக்கவிடாமல் பெண்கள் குடத்தைக் காட்டிக் காட்டிக் கேட்டார்கள். அவன் நேரே முத்துராணி வீட்டுக்கு வந்து நின்றான்.

மறுநாள் காலையில் ஊரே கரையில் கூடியது. ஆறு செம்மண் கரைத்த நிறத்தில் போய்க்கொண்டிருந்தது. இடுப்பில் கயிறு கட்டி, மஞ்சள் சிலிண்டரை முதுகில் மாட்டி, முத்துராணி இறங்கினாள். கயிற்றின் மறுமுனை இசக்கி கையில். கொஞ்ச நேரம் குமிழி குமிழியாக வந்தது. இரண்டு கிழிந்த வேட்டி மேலே மிதந்து வந்தது. பெண்கள் கைதட்டினார்கள். அதற்குப் பிறகு கயிறு வேகமாக இழுபட்டது. அவள் மேலே வந்துவிட்டாள்.

கரையேறி உட்கார்ந்தவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். உச்சி பிளந்து போகிற மாதிரி வலிக்கிறது என்றாள். அப்படியே குனிந்து வாந்தி எடுத்தாள்.

"காத்து சரியில்ல" என்றாள் அவள். "ஏதோ வாடை அடிக்கி. தெரிஞ்ச வாடைதான். என்னன்னு பிடிபட மாட்டேங்கி."

அதைக் கேட்டவர்கள் பக்கத்தில் நின்ற நாலைந்து பேர்தான். கொஞ்சம் தள்ளித் துணி துவைத்துக்கொண்டிருந்த வடிவம்மாளுக்குக் கேட்டது வாந்திச் சத்தம் மட்டும். ஊரில் எந்த வீட்டில் எந்தப் பெண் மாங்காய் தின்றாலும் முதலில் தெரிகிற ஆள் வடிவம்மாள். இசக்கி ஆட்டோ பிடித்து முத்துராணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதையும் பார்த்தாள். போதாதா? நனைந்த சேலையைப் பிழியாமலே கரையேறி வந்துவிட்டாள். ஏளா பொன்செல்வி, ராணிக்கு விசேஷம், ரெண்டாவது என்று எங்கள் வாசலில் நின்று சொன்னாள். ஆட்டோ ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் செய்தி மேலத்தெரு கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது.

ஆஸ்பத்திரியில் மூக்கில் ஆக்சிஜன் வைத்துச் சாயங்காலம் வரைக்கும் படுக்க வைத்தார்கள். சிலிண்டர் காற்றில் விஷப்புகை கலந்திருக்க வேண்டும், நல்லவேளை உடனே மேலே வந்துவிட்டாய் என்றாராம் டாக்டர். கம்ப்ரசரின் வடிகட்டியில் கரி இருக்கிறது, அதையும் தாண்டி எப்படிப் புகை வந்தது என்று இசக்கிக்குப் புரியவில்லை. அவன் வீட்டைச் சுற்றி எங்கேயும் புகை இல்லை.

பொழுது சாய அவர்கள் வீடு திரும்பியபோது வாசலில் கூட்டம். ஒருத்தி பூ கொண்டுவந்திருந்தாள். ஒருத்தி புளிச்சாதம். பொன்செல்வி என்னை இடித்துக்கொண்டு போய் முத்துராணியின் கையைப் பிடித்தாள். வாழ்த்துகளைக் கேட்டு அவள் முழித்தாள். யாருக்கு விசேஷம் என்று கேட்டாள். அதற்குள் கைலாசம் அண்ணாச்சி பெரிய சீப்பு கோழிக்கூடு பழத்தோடு வந்துவிட்டார். நல்ல கனிந்த பழம்மா, இப்போதுதான் மூட்டத்திலிருந்து எடுத்தேன், வாய்க்கு ருசியாக இருக்கும் என்று அவள் கையில் கொடுத்தார்.

முத்துராணி பழத்தை வாங்கினாள். மூக்குக்குக் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். மறுபடியும் மோந்தாள்.

"இந்த வாடைதான்" என்றாள்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. வாழைத்தார் பழுக்க மூட்டம் போடுவார்கள் என்பது எங்கள் ஊரில் பிறந்த பிள்ளைக்கெல்லாம் தெரியும். காற்றுப் புகாத சின்ன அறைக்குள் தாரை அடுக்கி, கீழே ஒரு பானையில் தேங்காய்க் கதம்பையும் வாழைச்சருகும் போட்டுப் புகைய விட்டு, கதவை மண் பூசி அடைத்துவிடுவார்கள். திறக்கிறபோது தார் மஞ்சளாக இருக்கும். தோலில் இலேசாக அந்தப் புகைவாடை நிற்கும். நாங்கள் அதைப் பழவாசம் என்றுதான் சொல்வோம். புகை என்று யாரும் நினைத்ததே இல்லை.

இசக்கி பழத்தைப் பிடுங்கி மோந்து பார்த்தான். உடனே வீட்டுக்குள் ஓடினான். நாங்களும் பின்னாலேயே போனோம். முருங்கை மரத்தில் குழாய் கட்டியிருந்த இடத்துக்கு நேரே, மதிலுக்கு அந்தப் பக்கம், கைலாசம் அண்ணாச்சியின் மூட்ட அறைச் சுவரில் கை நுழைகிற அளவுக்கு ஒரு புது ஓட்டை. அதிலிருந்து அப்போதும் மெல்லிசாகப் புகை வந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இது எப்போ போட்டிய?"

"ஐப்பசி கடைசியில. சபரிமலை சீசன்லா, பழம் காணாது. ரெண்டு மூட்டம் கூடப் போடுதேன். தெருப்பக்கம் புகை வருதுன்னு நீங்க எல்லாருந்தான கூடி வந்து சொன்னிய. அதான் பின்னால திருப்பி விட்டேன்."

தெரு முழுக்க வேறு பக்கம் பார்த்தது. பொன்செல்வி வேகமாகப் பூவைத் தலையில் வைத்துக்கொண்டாள், அது முத்துராணிக்கு வந்த பூ.

"ஏலே, அப்போ..." என்று அண்ணாச்சி இழுத்தார். "உன் காத்தும் மூட்டத்துக்குள்ள போயிட்டா? பழுத்த காத்தயாலே அடச்சே?"

வடிவம்மாள்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் முத்துராணியே சிரித்துவிட்டாள், தலைவலியோடு. விசேஷம் இல்லை என்று தெரிந்ததும் வடிவம்மாள் கொஞ்சம் ஏமாந்தாள்தான், ஆனால் இந்தச் செய்தி அதைவிட நல்லது என்று கண்டு உடனே மேலத்தெருவுக்குக் கிளம்பினாள். இசக்கி மட்டும் சிரிக்கவில்லை. அவன் கம்ப்ரசர் பக்கம் போய், சுவிட்ச்போர்டிலிருந்து வயரைப் பிடுங்கிச் சுருட்ட ஆரம்பித்தான்.

அன்றைக்கு நான் மதிலோரம் கொடியில் துணி எடுக்கப் போனேன். கொடியில் துணியே இல்லை என்பது வேறு விஷயம். அவர்கள் இரண்டு பேரும் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"இனிமே நான் அந்த மிஷினத் தொட மாட்டேன் ராணி. தூத்துக்குடிக்கே கொண்டுபோயி அடச்சுட்டு வருவோம்."

"கண்டக்டரு ஏத்த மாட்டாரு."

"ஆட்டோ பிடிப்போம். நான் கொண்டுபோயிட்டு வாரேன். நீ ஒண்ணுஞ் செய்யாண்டாம்."

"அங்கன அடைக்கவன் யாருன்னு எனக்குத் தெரியாது. அவன் ஸ்டூலப் போட்டு உக்காந்து பாப்பானா?"

"நான் உக்காந்து பாத்து என்ன கிழிச்சேன்?" என்றான் அவன். "நெழலா இருக்கு, குளிச்சியா இருக்குன்னு நானேதான் போயிக் கட்டுனேன். கயித்தப் பிடிச்சுக்கிட்டு மேல நிக்கேன், உள்ள நீ என் கையால விஷத்தக் குடிச்சுக்கிட்டு இருக்க. எனக்கு நெஞ்சு நின்னுபோச்சு ராணி. எனக்குப் பயமா இருக்கு."

முத்துராணி அவன் சுருட்டி வைத்திருந்த வயரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒரு நாள் குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னா அடுப்பயா இடிப்பாவ?" என்றாள். "மறுநாள் ருசி பாத்து எறக்குவாவ. நீங்களும் ருசி பாருங்க."

"காத்தயா?"

"ஆமா. நீங்க அடைக்கதுல மொத மூச்சு நீங்க விடணும். மேல நின்னு மோந்தா தெரியாது. தண்ணிக்குள்ள முங்கி, மூச்சு விட்டுப் பாத்துட்டு, நல்லா இருக்குன்னு நீங்க சொல்லணும். சொன்னாத்தான் நான் எறங்குவேன்."

"தண்ணிக்குள்ளயா?" என்றான் இசக்கி. அந்தக் குரலைக் கேட்டு நான் மதிலுக்கு இந்தப் பக்கம் வாயைப் பொத்திக்கொண்டேன்.

விடிந்ததும் வேலை தொடங்கியது. தெருவில் தண்ணீர் இல்லை, அதனால் யாருக்கும் வீட்டில் வேலையும் இல்லை. எல்லாரும் அங்கேதான் நின்றோம். மஞ்சள் சிலிண்டரில் மிச்சமிருந்ததையும், அதோடு அடைத்து வைத்திருந்த சாம்பல் சிலிண்டரையும் திறந்துவிட்டார்கள். புஸ்ஸென்று வெளியே வந்த காற்றில் எங்கள் எல்லாருக்குமே பழவாசம் அடித்தது. இதில் மணமில்லாத விஷமும் உண்டு, கரி அதைப் பிடிக்காது, தள்ளி நில்லுங்கள் என்று முத்துராணி எங்களை விரட்டினாள். வடிகட்டியில் புதுக் கரி மாற்றினார்கள். தூத்துக்குடியில் கூட வேலை பார்த்த தோழிக்குப் போன் போட்டு, விஷப்புகை இருந்தால் காட்டுகிற சின்னக் கருவி ஒன்றை வரவழைத்தாள்.

குழாயின் நுனியை எங்கே வைப்பது என்பதற்குக் கைலாசம் அண்ணாச்சிதான் வழி சொன்னார். வாழைக்கு முட்டுக் கொடுக்கிற கம்புகளில் நெட்டையானதாக இரண்டைக் கொண்டுவந்து, ஒன்றோடு ஒன்று சேர்த்துக் கட்டி, மொட்டை மாடியில் ஆற்றுப் பக்கமாக நிறுத்தினார். நுனியில் குழாய். கொடிமரம் நட்டாச்சு என்று அவரே சொல்லிக்கொண்டார். மூட்டத்தின் ஓட்டையையும் அடைத்தார். இனி மூட்டம் போடுகிற அன்றைக்கு மதிலைத் தட்டிச் சொல்வேன், நீ காற்று அடைக்கிற அன்றைக்கு என்னைத் தட்டிக் கேட்டுக்கொள் என்று இசக்கியிடம் பேசி முடித்தார். இசக்கி வயரை மறுபடியும் மாட்டினான். ஸ்டூலில் உட்காரவில்லை, நின்றுகொண்டே இருந்தான். என் மிஷின் முனகியது. அன்றைக்கு நான் ஒன்றும் கேட்கவில்லை.

கருவியை வைத்துப் பார்த்தபோது சுத்தமாக ஒன்றுமில்லை என்று காட்டியது. இசக்கிக்கு உயிர் வந்தது. அதான் மிஷினே சொல்லிவிட்டதே, இனி நான் எதற்கு என்றான். முத்துராணி விடவில்லை.

"மிஷின் சொல்லிட்டு, சரி. எனக்கு நீங்க சொல்லணும்."

ஊர் மறுபடியும் கரையில் கூடியது. முத்துராணி இறங்குவதைப் பார்க்க வந்ததைவிட இசக்கி இறங்குவதைப் பார்க்க வந்த கூட்டம் அதிகம். வடிவம்மாள் துணி எதுவும் இல்லாமலே படித்துறையில் இடம் பிடித்திருந்தாள். மஞ்சள் சிலிண்டரை முதுகில் கட்டி, கண்ணாடியை மாட்டி, வாய்க்குழலைக் கடித்து, முத்துராணி கையைப் பிடித்துக்கொண்டு அவன் ஒவ்வொரு படியாக இறங்கினான். முழங்கால். இடுப்பு. அங்கே நின்றான். கைலாசம் அண்ணாச்சி கரையிலிருந்து, ஏலே, பைய போ, நாங்க இருக்கோம் என்றார். இசக்கி வானத்தை ஒரு தடவை பார்த்தான். எங்களை ஒரு தடவை பார்த்தான். தலை உள்ளே போய்விட்டது.

ஒரு குமிழிக் கொத்து வந்தது. அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் ஒரு கொத்து. நிதானமாக இன்னொன்று. பக்கத்தில் நின்ற முத்துராணி தண்ணீருக்குள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். வந்துவிடுவான் வந்துவிடுவான் என்று பார்த்தால் அவன் வருகிற மாதிரியே இல்லை. குமிழி பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. கடைசியில் அவளே தோளைத் தட்டி மேலே இழுத்தாள்.

அவன் வாய்க்குழலை எடுத்தான். முகமெல்லாம் தண்ணீர், கண் சிவந்திருந்தது.

"ஒண்ணுமே மணக்கல ராணி" என்றான். "ஒண்ணுமே இல்ல. அவ்வளவு நல்லா இருக்கு."

முத்துராணி சிலிண்டரை அவன் முதுகிலிருந்து கழற்றித் தன் முதுகில் மாட்டிக்கொண்டாள். வாய்க்குழலைக் கழுவக்கூட இல்லை, அப்படியே கடித்துக்கொண்டு போய்விட்டாள். வடிவம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துவிட்டு, வெயில் கூசுகிறது என்றாள்.

அன்றைக்கு அவள் அள்ளி மேலே விட்டதில் வேட்டி, சேலை, சாக்கு, ஒரு முழு வாழைமட்டை, எவனோ தொலைத்த பள்ளிக்கூடப் பை எல்லாம் இருந்தது. காற்று தீரத் தீர மஞ்சள் சிலிண்டர் அவளை மேலே தூக்கியதாம், அதற்குள் குழாயின் வாயைச் சுத்தமாக எடுத்துவிட்டாள். மேலே வந்து கட்டைவிரலைக் காட்டியதும் செந்தில்முருகன் மோட்டார் போட ஓடினான்.

பொழுது இறங்குகிற நேரத்தில் எங்கள் தெருக்குழாயைச் சுற்றிக் குடங்கள் வரிசையில் நின்றன. முத்துராணி ஈரத்தலையோடு எங்கள் வாசலில் உட்கார்ந்து, பொன்செல்வி போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். குழாய் முதலில் இருமியது. அப்புறம் புஸ்ஸென்று காற்று வர ஆரம்பித்தது. தண்ணீர் வருவதற்கு முன்னால் எப்போதும் வருகிற காற்றுதான். குடத்தை நீட்டிய பெண்களை விலக்கிவிட்டு இசக்கி குனிந்து குழாயின் வாயில் மூக்கை வைத்தான்.

"என்னலே?" என்றார் கைலாசம் அண்ணாச்சி. "பழுத்திருக்கா?"

"இல்ல அண்ணாச்சி" என்றான் இசக்கி. "நல்ல காயி."

தெரு சிரித்து முடிப்பதற்குள் தண்ணீர் பீச்சிக்கொண்டு வந்து அவன் மூஞ்சியில் அடித்தது. மூக்கிலும் வாயிலும் போயிருக்கும். அவன் முகத்தை எடுக்கவில்லை.